படிக்கட்டு விளக்கு

ஆறே கண்ணில் படாத எங்கள் ஊருக்குப்
படகு என்று பெயர்.
வூட்ச் என்றால் போலிஷில் அதுதான் அர்த்தம்.
இருந்த சிற்றாறுகளையும் குழாய்க்குள் திணித்துத்
தெருவுக்கடியில் ஓடவிட்டார்கள்.
எழுபத்துநாலு வயதுவரை
இதில் எனக்கொன்றும் வேடிக்கை தெரிந்ததில்லை.
இப்போது கட்டிலை விட்டு எழுந்தால்
ஊர் தன் பெயருக்கு வந்துவிடுகிறது.

எழுவதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன்.
முதலில் கண். பிறகு முழங்கை.
பிறகு விளிம்பில் உட்கார்ந்து
அலமாரிக் கைப்பிடிகளை எண்ணுவது.
ஆறு கைப்பிடிகள்.
பன்னிரண்டாகத் தெரிந்தால்
இன்னும் கொஞ்சம் உட்காரு, கெனோவெஃபா.
விரலில் குத்தி ஒரு சொட்டு.
நூற்றுப் பதினெட்டு என்கிறது கருவி.
ஆக, இன்று குற்றம் சர்க்கரையுடையதல்ல.
பின்னே யாருடையதாம்?

ஆலை மூடும்வரை
இருபத்துநாலு வருஷம் தறிகளுக்கு நடுவே நின்றவள்.
அங்கே பேச்சு கேட்காது, உதட்டைப் படிப்போம்.
காது போய்விடும் என்றார்கள்.
போகவில்லை, வீம்பு பிடித்துக்கொண்டது.
தேநீர்க் கிளாஸில் கரண்டி இடித்தால்
பல்லுக்குள் மணி அடிக்கிறது.
போர்வை நுனி பட்டால் பாதம் எரிகிறது.
அதே பாதம்
செருப்புக்குள் கிடந்த கோட்டுப் பொத்தானை
ஒரு பகல் முழுக்க மிதித்துவிட்டு
எனக்கொன்றும் தெரியாதே என்கிறது.
இந்தக் காலிடம் நியாயம் கேட்க முடியாது.

சூப்பர்மார்க்கெட்டில் தயிர் வரிசை போதும்.
வெள்ளை டப்பா, வெள்ளை டப்பா, வெள்ளை விளக்கு,
குளிர்பெட்டியின் ரீங்காரம்.
தள்ளுவண்டியைப் பிடித்தபடி
விலை பார்ப்பவள்போலக் குனிந்து நிற்பேன்.
ஒரு பையன் நினைத்திருப்பான்,
இந்தக் கிழவி ரொம்பக் கணக்குக்காரி என்று.

கண்ணை மூடி நில்லுங்கள் என்றாள் டாக்டர்.
மூடினேன்.
சுவர் வந்து என்னைத் தாங்கியது.
"பாதத்தின் வேலையையும் உங்கள் கண்தான் பார்க்கிறது.
இருட்டில் நடக்காதீர்கள்."

யார் நடக்கிறார்கள்?
எங்கள் கட்டடத்துப் படிக்கட்டு விளக்கு ஒரு கஞ்சன்.
பொத்தானை அமுக்கினால் ஒரு நிமிஷம் எரியும்.
ஒரு மாடி இறங்க எனக்கு ஒன்றரை.

ஞாயிறு மாலைகளில்
கீழ்வீட்டுப் பான் ஸெனோபியுஷ்
பழைய நடன இசைத்தட்டுகளை ஓடவிடுவார்.
அக்கார்டியன் தரை வழியே ஏறி
என் தாடையெலும்பில் வந்து உட்காரும்.
போன ஞாயிறு பொறுக்கவில்லை.
சண்டைக்கென்றே நீலக் கவுனை மாட்டிக்கொண்டு
இறங்கினேன்.

பதினோராம் படியில் விளக்கு அணைந்தது.

மேல் இல்லை.
கீழ் இல்லை.
கைப்பிடிக் கம்பி ஒன்றுதான் உலகம்,
அதுவும் நீந்துகிறது.
படி இருக்குமென்று நம்பி உட்கார்ந்தேன். இருந்தது.
ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்:
கீழ் எந்தப் பக்கம் என்று
அந்தப் பாழாய்ப்போன அக்கார்டியன்தான் காட்டியது.

கதவு திறந்தது. விளக்கும் வந்தது.
"விழுந்துவிட்டீர்களா?"
"இல்லை. இந்தப் படி சாய்ந்திருக்கிறது."
"எண்பத்தேழிலிருந்தே அப்படித்தான்," என்றார்.

கம்பியைப் பிடித்து நாலு படி ஏறி வந்து
எனக்குக் கீழே உட்கார்ந்தார்.
முதலில் கண்ணை ஒரு புள்ளியில் ஊன்றி,
பிறகு முழங்கையை,
பிறகுதான் உடம்பை.
நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.
சட்டைப்பையிலிருந்து
காகிதம் சுற்றிய சர்க்கரைக்கட்டி ஒன்றை நீட்டினார்.
பைக்குள் இன்னும் நாலைந்து இருந்தன.
எனக்குக் குறையவில்லை என்றேன்.
வாங்கிக்கொண்டேன்.

மறுபடி அணைந்தது.
யார் எழுந்து அமுக்குவது என்று
இருவருமே கேட்கவில்லை.
உள்ளே தட்டு முடிந்து
ஊசி வெறும் பள்ளத்தில்
கிர்ர், கிர்ர் என்று சுற்றிக்கொண்டிருந்தது.
நியாயமாகப் பார்த்தால்
அந்தச் சத்தத்துக்குத்தான் நான் சண்டை போட்டிருக்க வேண்டும்.